வாத்துக் குஞ்சு வளர்க்கப் போகிறீர்களா? அதைக் கோழிக் குஞ்சாக நினைக்காதீர்கள்

தை மாசக் கடைசியில் திருச்சியிலிருந்து லால்குடிப் பக்கமோ கல்லணை ரோட்டிலோ போய்ப் பாருங்கள். சம்பா அறுத்த வயல்களில் தாள் மட்டும் நிற்கும். அதற்குள் நூற்றுக்கணக்கில் வாத்துகள் இறங்கி மேய்ந்துகொண்டிருக்கும். உதிர்ந்த நெல், நத்தை, புழு, பூச்சி, வரப்போரத்துப் பாசி என்று அவற்றுக்கு வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைக்கிறது. கையில் நீளக் கம்போடு இரண்டு மூன்று பேர் மந்தையை ஓட்டிக்கொண்டு போவார்கள். பொழுது சாய்ந்ததும் வயலிலேயே வலை கட்டி அடைப்பார்கள். வாத்து விடியற்காலையில் முட்டை இடும். அதனால் வெளிச்சம் வந்து, முட்டையைப் பொறுக்கி முடித்த பிறகுதான் வலையைத் திறப்பார்கள். ஒரு வயலில் தீனி தீர்ந்தால் அடுத்த வயல், இந்த ஊர் அறுவடை முடிந்தால் அடுத்த ஊர். லாரியில் ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு மந்தைக்காரரிடமிருந்துதான் ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வாத்துக் குஞ்சுகள் வந்தன. மந்தையோடு ஓட முடியாமல் பின்தங்கிய ஒரு குஞ்சைப் பார்த்துவிட்டு என் பெண் அந்த இடத்தை விட்டு நகர மறுத்துவிட்டாள். "இத நாங்க எடுத்துட்டுப் போய் வளர்க்கட்டுமாண்ணே?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது: "ஒண்ணா எடுத்துட்டுப் போகாதீங்கம்மா. ஒத்தையா இருந்தா கத்திக் கத்தியே வீணாப் போயிரும். ரெண்டா எடுத்துக்குங்க, இல்லன்னா விட்டுருங்க." நொண்டிக்குத் துணையாக நல்ல குஞ்சு ஒன்றையும் அவரே பிடித்துக் கொடுத்தார்.

அதன்பிறகு வாத்து வளர்ப்பைப் பற்றி நிறையப் படித்தேன், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டேன், மந்தைக்காரர்களிடம் பேசினேன். அப்போது ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. வீட்டுக்கு வரும் வாத்துக் குஞ்சுகளுக்குப் பெரிய பெரிய நோய்கள் வருவதற்கு முன்பே ஆபத்து வந்துவிடுகிறது. அவற்றைக் கோழிக் குஞ்சு மாதிரியே வளர்க்கிறார்களே, அதுதான் அந்த ஆபத்து. இரண்டும் மஞ்சளாக, மெத்து மெத்தென்று, உள்ளங்கைக்குள் அடங்கும்படி இருப்பதால் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. தண்ணீர், தீனி, தரை, துணை எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு. இந்தப் பதிவு முழுக்க அந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

துணை இல்லாமல் வளர்க்காதீர்கள்

கிராமங்களில் வாத்து முட்டையைக் கோழி அடையில் வைப்பது பழைய வழக்கம். முட்டைக்காகவே வளர்க்கப்படும் வாத்துகள் சரியாக அடை உட்காருவதில்லை. கோழி முட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். அந்த ஒரு வாரத்தைக் கூடுதலாகப் பொறுத்து உட்கார்ந்து கோழி குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளும் அதையே அம்மா என்று நம்பிப் பின்னால் ஓடும். பிறகு ஒருநாள் குஞ்சுகள் குட்டையில் இறங்கிவிட, கரையில் கோழி பதறிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடுவதைப் பார்த்தவர்கள் நம் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் இருப்பார்கள்.

பொரிந்ததும் கண்ணில் படுவதைத் தாயாகப் பதிந்துகொள்ளும் இந்தக் குணத்தை விரிவாக ஆராய்ந்து 1935-இல் எழுதியவர் ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். பிறகு அமெரிக்காவில் கில்பர்ட் காட்லீப் என்பவர், முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு குரல்களைக் கேட்கிறது, தன் இனத்துத் தாயின் அழைப்பை அடையாளம் காண அந்த அனுபவம் உதவுகிறது என்று காட்டினார். ஓட்டை உடைப்பதற்கு முன்பே கூட்டத்தோடு பேசிப் பழகிய உயிரை நாம் தனியே ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒற்றைக் குஞ்சு இடைவிடாமல் உரக்கக் கத்தும். தீனி எடுக்காது, தூங்காது, நாம் கையில் எடுத்தால் மட்டும் அடங்கும். பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று எல்லோரும் கிளம்பிப் போகிற வீட்டில் அது என்ன செய்யும்? இரண்டாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று தீனி கொத்தினால் மற்றதும் கொத்தும். அவசரத்துக்குத் துணை கிடைக்கவில்லை என்றால் பெட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடியும் மென்மையான துணிப் பொம்மையும் வைக்கலாம். அதெல்லாம் ஒன்றிரண்டு நாள் சமாளிப்புக்குத்தான்.

நம்மையே தாயாக நினைத்துவிட்ட குஞ்சு காலுக்குள்ளேயே ஓடி வரும். வீட்டுக்குள் மிதிபட்டும் கதவிடுக்கில் சிக்கியும் குஞ்சுகள் சாவது உண்டு. குஞ்சு தரையில் இருக்கிற நேரத்தில் வீட்டில் எல்லோரும் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சூடு: பல்பைவிடக் குஞ்சைப் பாருங்கள்

முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 30 முதல் 32 டிகிரி வரை வெப்பம் வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். திருச்சியில் மாசி, பங்குனிப் பகலில் அந்தச் சூடு காற்றிலேயே இருக்கும், பல்பே தேவைப்படாது. ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் கவனம் வேண்டும். ஸ்ரீரங்கம் இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற தீவு. மார்கழி, தையில் பனி இறங்கினால் கொல்லைப்புறம் நன்றாகவே குளிரும்.

இப்போது வீடுகளில் இருப்பதெல்லாம் எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. பழைய குண்டு பல்பு 40 வாட்டோ 60 வாட்டோ கிடைத்தால் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல், குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். அட்டையிலோ துணியிலோ பல்பு படவே கூடாது, தீப்பிடிக்கும். பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக வையுங்கள். ஆற ஆற மாற்ற வேண்டியிருக்கும்.

பெட்டியின் மறு மூலை சூடில்லாமல் இருக்கட்டும். வேண்டிய இடத்துக்குக் குஞ்சே நகர்ந்துகொள்ளும். பல்புக்கு அடியில் குவிந்து கிடந்து கத்தினால் குளிர்கிறது என்று அர்த்தம். மூலைக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகக் கால் நீட்டிப் படுத்து, மெல்லிய குரலில் கொறுகொறுவென்று பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். வாத்து ஈரமாகவே எச்சம் போடும், காகிதம் உடனே வழுக்கும். வழுக்குகிற தரையில் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, அப்படியே நின்றுவிடும் அபாயம் உண்டு. பழைய சாக்கு அல்லது துண்டு விரித்து, ஈரமானதும் மாற்றுங்கள். தீனி எது, உமி எது என்று குஞ்சுக்குப் பிடிபட்ட பிறகு உமி பரப்பலாம்.

தண்ணீர்: குடிக்க நிறைய, நீந்தக் கொஞ்சம்

பெரும்பாலானவர்கள் தடுமாறுகிற இடம் இது. வாத்துதானே என்று வாளியில் தண்ணீர் நிரப்பி விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குழந்தைகள் ஆசையாய் டப்பில் நீந்த விட்ட குஞ்சு அன்று ராத்திரியே விறைத்துப்போனது. வயலில் தாயோடு இருக்கும் குஞ்சு நீந்தி முடித்ததும் தாயின் சிறகடியில் ஒண்டிக்கொள்ளும். அங்கே ஈரமும் காயும், உடம்பும் சூடாகும். நம் வீட்டுக் குஞ்சுக்கு அந்தச் சிறகு இல்லை. பஞ்சு மாதிரியான அந்த முடி நனைந்து ஊறிவிட்டால் உடம்புச் சூடு வேகமாக இறங்கிவிடும். ஏறி வர வழியில்லாத வாளியில் வாத்துக் குஞ்சே மூழ்கிச் சாகும்.

முதல் ஒரு மாதம், வெதுவெதுப்பான தண்ணீரைக் கால் தரையில் ஊன்றும் ஆழத்துக்கு ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து சில நிமிஷம் மட்டும் விளையாட விடுங்கள். உடனே துண்டால் ஒற்றி, சூடான இடத்தில் விடுங்கள். ஏழு எட்டு வாரத்தில் இறகு முழுதாக முளைத்துவிடும். அதன்பிறகு தொட்டியோ குட்டையோ அதன் விருப்பம்.

குடிக்கும் தண்ணீர் விஷயம் இதற்கு நேர் எதிர். கோழிக்கு வைக்கும் தட்டையான கிண்ணம் வாத்துக்குப் போதாது. அலகு முழுக்க, மூக்குத் துளை வரை முங்கும் ஆழம் வேண்டும். மூக்கையும் கண்ணையும் அது தண்ணீரில்தான் கழுவிக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் காய்ந்த மாவுத் தீனியை மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆகவே தீனி இருக்கும்போதெல்லாம் பக்கத்தில் தண்ணீர் இருந்தாக வேண்டும். கனமான மண் சட்டியில் நடுவே ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டால் அலகு முங்கும், குஞ்சு உள்ளே இறங்காது. ஒரு மணி நேரத்தில் கலக்கிச் சேறாக்கிவிடும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். அழுக்குத் தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள், நல்ல உரம்.

அப்போதுதான் பொரிந்த குஞ்சு கைக்கு வந்தால் தீனி ஊட்ட அவசரப்பட வேண்டாம். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு ஒரு நாளுக்கு மேல் அதைத் தாங்கும். முதலில் தண்ணீர் காட்டுங்கள். சோர்ந்து வந்த குஞ்சுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் துளி குளுக்கோஸ் கலந்து, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடலாம். வாயைத் திறந்து ஊற்றவே கூடாது. மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே இருப்பதால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

தீனி: காலுக்கு வலு தருவது எது?

வாத்துக் குஞ்சுக்கு நயாசின் என்ற பி3 வைட்டமின் நிறையத் தேவை. ஒரு கிலோ தீனியில் 55 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது அறிவியலாளர்கள் வகுத்த அளவு. கோழிக் குஞ்சின் தேவையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. புரதத்திலிருந்து இந்த வைட்டமினை உடம்புக்குள் தானே தயாரித்துக்கொள்ளும் திறன் வாத்துக்குக் குறைவு. கோழிக் குஞ்சுத் தீனியை மட்டும் போட்டு வளர்த்தால் முதல் சில வாரங்களிலேயே குஞ்சு நடக்கத் தயங்கும். பிறகு உட்கார்ந்தபடியே நகரும். முழங்கால் போலத் தெரியும் மூட்டு வீங்கி, கால்கள் வில்லாக வளையும். ஆரம்பத்தில் கவனித்தால் சரியாகும், வளைந்து இறுகிவிட்டால் திருத்துவது கஷ்டம்.

எங்கள் நொண்டிக் குஞ்சின் கதையும் இதுதான். நல்ல குஞ்சு ஓடியாடும்போது இது நான்கு எட்டு வைத்து உட்கார்ந்துவிடும். அரசு கால்நடை மருத்துவர் காலைத் தடவிப் பார்த்து, எலும்பு முறிவு இல்லை, ஊட்டக் குறைவுதான் என்றார். பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, எடைக்குத் தக்க அளவைச் சொன்னார். தீனியில் ஈஸ்ட் தூள் சேர்க்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் ஊன்றியது. பிறகு கொல்லைக் கதவு வரைக்கும் மற்றதை முந்திக்கொண்டு ஓடியது. மருந்துக் கடையில் நாமே மாத்திரை வாங்கிப் பொடித்துப் போட வேண்டாம். உள்ளங்கை அளவு உயிருக்கு அளவுதான் முக்கியம்.

தினசரித் தீனிக்கு, குஞ்சுகளுக்கான ஆரம்பத் தீனியை வாங்கித் தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் புரதம் 20 முதல் 22 சதவீதம் இருந்தால் நல்லது, பிறகு 16 முதல் 18 போதும். மருந்து கலந்த தீனியா என்று மூட்டையில் பாருங்கள். கலந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். முட்டைக் கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் தாங்காது.

இதோடு நம் ஊர்த் தீனிகளைச் சேர்க்கலாம். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகள் பக்கத்திலேயே இருக்க, தவிட்டுக்கும் நொய்க்கும் நமக்கு என்ன குறை? தவிட்டில் நயாசின் உண்டு, ஆனால் சிக்கு வாடை அடிக்கும் தவிட்டை வாங்காதீர்கள். நொய்யை வேகவைத்துக் கொடுங்கள். முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் அலகால் வாரி வாரித் தின்னும். அசோலா என்ற நீர்ச்செடியை வளர்த்தால் இன்னும் நல்லது. புழு பூச்சிக்குப் பழைய முறை ஒன்று உண்டு. பானைக்குள் ஈர வைக்கோலும் காய்ந்த சாணமும் அடைத்து, கரையான் இருக்கிற மண்ணில் ராத்திரி கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை முழுக்கக் கரையான் இருக்கும். கோழிக் குஞ்சுக்குப் பாட்டிகள் செய்தது, வாத்துக் குஞ்சுக்கும் அருமையான புரதம். பூச்சிமருந்து அடித்த இடத்துக் கரையானையும் நத்தையையும் மட்டும் தொடாதீர்கள்.

கொடுக்கக் கூடாதவை: ரொட்டி, பிஸ்கட், பொரி, பால், ஊறுகாய், மிக்சர், உப்புப் போட்ட எந்த மிச்சச் சாப்பாடும். உப்பு கொஞ்சம் கூடினாலே குஞ்சுக்கு விஷம். மாவுச்சத்தாகவே தின்று வேகமாக எடை கூடும் குஞ்சுக்குச் சிறகின் முனை வெளிப்பக்கம் திருகிக்கொண்டு நிற்கும். இறகு முளைக்கும் பருவத்தில் கண்டுபிடித்து, மருத்துவர் சொல்கிறபடி மடித்துக் கட்டினால் படிந்துவிடும்.

கடலைப் புண்ணாக்கும் பூஞ்சையும்

கடலைப் புண்ணாக்கில் புரதமும் நயாசினும் நிறைய. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சைதான் காரணம் என்று தெரிந்தது. அந்தப் பூஞ்சை சுரந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது ஈரலைத் தாக்கும். எல்லா வளர்ப்புப் பறவைகளிலும் வாத்துக் குஞ்சு இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாவதால், தீனியில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே ஆய்வகங்களில் ஒரு நாள் வயது வாத்துக் குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள்.

மாடு தாங்குகிற புண்ணாக்கு குஞ்சைக் கொன்றுவிடும் என்பதுதான் இதிலிருந்து நமக்குத் தெரிய வேண்டியது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூட்டை ஓரம் கறுத்தாலோ, பச்சை படிந்தாலோ, முடைநாற்றம் வந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். கழுவினாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. தீனியைக் கொஞ்சமாக வாங்குங்கள், காய்ந்த டப்பாவில் மூடி வையுங்கள். பிசைந்த தீனி சில மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

நோயும் மருத்துவரும்

தினமும் காலையில் ஒரு நிமிஷம் ஒதுக்கிக் குஞ்சைப் பாருங்கள். கண் பளிச்சென்று இருக்கிறதா, மூக்குத் துளை சுத்தமாக இருக்கிறதா, இரண்டு காலிலும் ஒரே மாதிரி ஊன்றுகிறதா, எச்சம் எப்படி இருக்கிறது? சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். வளருகிற குஞ்சு எடை கூடாமல் நின்றாலே ஏதோ சரியில்லை. முடி சிலிர்த்து, கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை மூடிக்கொண்டு தனியே நிற்கிற குஞ்சை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும்.

வாத்துப் பிளேக் என்ற வைரஸ் நோய் 1923-இல் நெதர்லாந்தில் முதலில் பதிவானது, இந்தியாவில் 1963-இல் மேற்கு வங்கத்தில். கண்ணில் நீர், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குதல், பச்சையாகத் தண்ணீர் போலக் கழிச்சல், திடீர்ச் சாவு ஆகியவை அறிகுறிகள். வந்தபின் மருந்து இல்லை. எட்டு வார வயதுக்கு மேல் தடுப்பூசி போடலாம். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் அரசு கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இந்தத் தடுப்பூசி தயாராகிறது. ஒரு குப்பி ஒரு மந்தைக்குப் போதும் என்பதால், இரண்டு வாத்து வைத்திருப்பவர்கள் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அக்கம்பக்கத்து மந்தைக்குப் போடும்போது சேர்ந்து போட்டுக்கொள்வதுதான் வழி. வாத்துக் காலரா பாக்டீரியாவால் வருவது. அதற்கு மருத்துவர் தரும் மருந்து வேலை செய்யும், சீக்கிரம் போனால்.

சித்திரை, வைகாசியில் குட்டைகள் வற்றி, செத்த மீனும் அழுகிய செடியும் கிடக்கும் தண்ணீரில் வாத்தை விடாதீர்கள். அங்கே உருவாகும் பொட்டுலிசம் நஞ்சு கழுத்துத் தசையைத் தளர்த்திவிடும், வாத்து தலையைத் தூக்க முடியாமல் தொங்கவிடும். சிமெண்டுத் தரையிலேயே வளர்த்தால் பாதத்தில் புண்ணாகிக் கட்டி பிடிக்கும். ஆகவே மண்ணும் புல்லும் வேண்டும். ஆணி, கம்பித் துண்டு, ஸ்டேப்ளர் பின் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. பளபளப்பாகத் தெரிவதையெல்லாம் வாத்து விழுங்கும், உலோகம் வயிற்றில் நஞ்சாகும்.

பறவைக் காய்ச்சலையும் மறக்கக் கூடாது. 2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளுக்கு எச்5என்1 வந்து, லட்சக்கணக்கில் அழிக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயத்தில் எச்5என்8 வந்தது. அப்படிச் செய்தி வருகிற காலத்தில் வாத்தைக் கொல்லைக்குள்ளேயே, காட்டுப் பறவைகள் வந்து போகும் நீரிலிருந்து தள்ளி வையுங்கள். காரணம் தெரியாமல் பறவைகள் சாவதைப் பார்த்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

வாத்து என்றால் எந்த மருத்துவர் பார்ப்பார் என்று பலர் கேட்கிறார்கள். அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். உதவிக்கு 1962 என்ற எண்ணில் கேட்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் திருச்சி கொட்டப்பட்டிலேயே இருக்கிறது. குஞ்சு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை போய் விசாரித்து வைத்தால், அவசரத்தில் அலைய வேண்டியிருக்காது.

நம் ஊர் வெயிலும் கொல்லைக்கு வரும் எதிரிகளும்

அக்னி நட்சத்திரத்தில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும். இறகு முளைத்த வாத்துக்கு அப்போது குளிரைவிட வெயில்தான் எமன். வாயைத் திறந்து இளைத்தால் நிழலுக்குத் தூக்கிப்போய், காலையும் அலகையும் நனையுங்கள். மர நிழலில் அகலமான தொட்டி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்றிய தண்ணீர், பகலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்ட கூண்டு, இவ்வளவும் கட்டாயம். தண்ணீரை மாற்றாமல் விட்டால் கொசு வரும், அக்கம்பக்கத்தார் மனமும் கசக்கும்.

காக்கை, கீரி, பூனை, தெருநாய், பெருச்சாளி, பாம்பு எல்லாமே ஸ்ரீரங்கத்துக் கொல்லைகளில் உண்டு. குஞ்சுப் பருவத்தில் காக்கை ஒரு நொடியில் கொத்திக்கொண்டு போகும். மேலேயும் வலை போட்ட கூண்டு, ராத்திரியில் விரல் நுழையாத கம்பி வலை, கீழே தோண்டி நுழைய முடியாதபடி செங்கல் வரிசை வேண்டும். நூல் வலை கீரிக்குத் தடையே இல்லை.

குஞ்சைத் தொட்டபின் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நன்றாக இருக்கிற வாத்தின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிற வீட்டில் குஞ்சை முத்தமிடவோ சமையலறைக்குள் விடவோ வேண்டாம். பின்னால் முட்டை இடத் தொடங்கினால் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

ஏரிக்கரையில் கிடைத்த குஞ்சு என்றால்

திருச்சியைச் சுற்றி ஏரிகளும் வாய்க்கால்களும் ஏராளம். புள்ளிமூக்கு வாத்தும் குள்ளத்தாராவும் இந்தப் பகுதியிலேயே குஞ்சு பொரிக்கின்றன. பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் இமயம் தாண்டி வந்து இறங்கும் அந்த ஏரி 2024-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கரையில் தனியாகக் காட்டு வாத்துக் குஞ்சு நின்றால், பெரும்பாலும் தாய் கோரைக்குள் மறைந்து நாம் போவதற்காகக் காத்திருக்கும். தள்ளி நின்று பாருங்கள். நாயோ காக்கையோ நெருங்கினால் விரட்டுங்கள். வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். காட்டுப் பறவைகள் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன்

சரியாக வளர்க்கப்பட்ட வாத்து பத்து வருஷம் வரை வாழும். ஒன்றரை இரண்டு மாதத்தில் குரல் மாறும். பெட்டை ஊரைக் கூட்டும்படி கத்தும், ஆணின் குரல் கம்மும். ஆணுக்குப் பிறகு வால் நுனியில் சுருள் இறகு முளைக்கும். ஒரு ஆணுக்கு ஐந்தாறு பெட்டை இருந்தால்தான் பெட்டைகளுக்குக் காயம் இல்லாமல் இருக்கும். ஆகவே ஆணும் பெட்டையுமாக இரண்டே இரண்டு இருந்தால், பெரிதானபின் பிரித்து வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே யோசியுங்கள். அடுக்குமாடி வீட்டு பால்கனி வாத்துக்கு இடம் கிடையாது.

பெரிதான பிறகு சமாளிக்க முடியவில்லை என்று கொள்ளிடத்திலோ தெப்பக்குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டு வாத்துக்குப் பறந்து தப்பத் தெரியாது, நாய்க்குத்தான் இரையாகும். மந்தைக்காரரிடமோ பண்ணையிலோ கேட்டு ஒப்படைப்பதே நியாயம்.

குழந்தை ஆசைப்படுகிறது என்பதற்காக ஒரு குஞ்சை வாங்கி வராதீர்கள். மண் தரை, நிழல், தினமும் தண்ணீர் மாற்ற ஒரு ஆள், பத்து வருஷப் பொறுப்பு, இந்த நான்கும் உங்கள் வீட்டில் இருந்தால் இரண்டாக வாங்குங்கள், மனசாற வளருங்கள். இல்லையென்றால் அடுத்த தையில் குழந்தையை லால்குடிப் பக்கம் அழைத்துப்போய், வரப்பில் உட்காரவைத்து மந்தையைக் காட்டுங்கள். குஞ்சை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.